கலப்பில்லாத துணி

அத்தியாயம் 11

திருமூர்த்தி இறந்து பத்தொன்பது மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அனுப்பிரியா வேண்டுமென்று கணக்கு வைக்கவில்லை. ஐந்து வருடமாக மண்ணரை என்கிற ஊரில் ஒரு துணி டெஸ்டிங் லேபில் வேலை. எந்த மாதிரி வந்தாலும் வந்த நேரத்தைக் குறித்த பிறகுதான் தொட வேண்டும். நேற்று மதியம் அப்பாவின் கை தன் கைக்குள் கனத்தபோதும் அவள் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மூன்று இருபது. இப்போது மணி பதினொன்று.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு உறுமியது. கண்ணாடி மூடியில் அடிக்கடி ஆவி படிந்து அப்பாவின் முகம் மறைந்துபோனது. அம்மா சாரதாமணி முந்தானையால் அதைத் துடைப்பாள். திரும்பப் படியும். திரும்பத் துடைப்பாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டயாலிசிஸ் ஃபைலுக்குள் இருந்து நேற்று மாலை எடுத்த கடிதம் இப்போது பெட்டியின்மேல், ஒரு சாமந்தி மாலைக்கு அடியில் இருந்தது. அண்ணன் நித்தீஷ் அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்திருந்தான். அனுவுக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

'என்னை எரிக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் சாயப்பட்டறை பாய்லருக்கு லாரி லாரியா விறகு எரிச்சவன். எனக்குன்னு இனி ஒரு மரம் விழ வேண்டாம். மங்கலத்துல நம்ம மூணு ஏக்கர் காட்டுல, கெணத்து மேட்டுல பொதைங்க. பொட்டி வேண்டாம், சிமெண்டு வேண்டாம், கல்லு வேண்டாம். கலப்பில்லாத காட்டன் துணியில சுத்துங்க. பாலியஸ்டர் ஒரு இழைகூட எம்மேல இருக்கக்கூடாது. மேல ஒரு மாங்கன்னு வையுங்க, பேரம்பேத்திக திங்கட்டும். மண்ணு தேறிருச்சுன்னு என்ற மக டெஸ்ட் பண்ணிச் சொல்லீட்டா. இனி அது என்னை ஏத்துக்கும்.'

கடைசி இரண்டு வரிகளைப் படித்தபோது நித்தீஷ் அவளைப் பார்த்தான். எழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இந்தப் பெண்ணுக்கு இத்தனை படிப்பா என்கிற மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

அனுவின் கைப்பையில், பேனாவும் பஸ் பாஸும் வைக்கிற உள் ஜிப்புக்குள், நான்காக மடித்த வேறொரு தாள் இருந்தது. ஏழு மாதமாக இருந்தது. அந்தத் தாளில் இருப்பதும் அவள் அப்பாவிடம் சொன்னதும் ஒன்றல்ல. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்.

"அனு, வா. கோடியெல்லாம் வந்திருச்சு" என்று நித்தீஷ் கூப்பிட்டான்.

பின்வாசலில், துவைக்கிற கல்லின்மேல், பதினான்கு புதுத்துணிகள் அடுக்கியிருந்தன. மாமன் மச்சான் வீட்டார், பெண் கொடுத்தவர், எடுத்தவர் எனச் செத்தவர் மேல் போர்த்த ஆளாளுக்குக் கொண்டுவந்த கோடி. ஒருவர் போட்ட கோடியை வேண்டாம் என்பது அந்த உறவையே வேண்டாம் என்பது மாதிரி. அதனால்தான் நித்தீஷ் யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் கொண்டுவந்திருந்தான்.

ஒவ்வொரு வேட்டியின் கரையிலிருந்தும் அவன் ஒரு நூலை உருவிக் கொடுத்தான். அனு தீக்குச்சியைக் கிழித்து நூலின் நுனியை அதில் காட்டினாள். லேபில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த வேலை. பருத்தி என்றால் காகிதம் போல எரியும், காகித வாசமே வரும், மிச்சத்தைத் தேய்த்தால் சாம்பல் பொடியாகிவிடும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் பின்வாங்கும். சுருங்கும், உருகும், கறுப்பாக ஒரு மணி உருண்டு நிற்கும். நகத்தால் கிள்ளினாலும் உடையாது.

"இது?"

"பாலியஸ்டர்ங்ணா."

"இது சேவூர் மாமா போட்டது."

"கலப்பு. முக்கால்வாசி பாலியஸ்டர்."

"இது?"

நூல் சுருங்கியது. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உலகத்துக்கே பனியன் தெச்சு அனுப்பற ஊரு. ஒரு காட்டன் வேட்டிக்கு வழியில்ல பாரு" என்றான் நித்தீஷ். சிரிக்கப் பார்த்தான். முகம் சிரிப்புக்குப் போகவில்லை.

எட்டாவது வேட்டியின் நூல் எரிந்துகொண்டிருக்கும்போது வேலாத்தாள் அத்தை பாத்ரூமுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் ஒரே அக்கா.

"என்ன அம்மிணி பண்றீங்க ரெண்டு பேரும்? என்ற கோடியக் கொளுத்தறீங்களா?"

"ஒரு நூலுதானுங்கத்தே" என்றாள் அனு.

"நூலென்ன, வேட்டியென்ன? பொறந்தவனுக்குப் போடற கோடி. சுத்தமான பட்டுன்னு கடக்காரன் சொல்லித்தான் குடுத்தான்."

அனு உள்ளங்கையில் இருந்த கறுப்பு மணியைக் காட்டினாள். பட்டு எரிந்தால் முடி கருகிய நாற்றம் வரும், இப்படி உருண்டு நிற்காது என்று சொல்ல நாக்கு வரவில்லை. அத்தை அதைக் குனிந்து பார்த்தாள்.

"அவன் இருக்கறவரைக்கும் என்ற கையில இருந்து எது வாங்குனாலும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டான். அப்படியே வெச்சுக்குவான். இப்ப அவன் மக நெருப்பு வெச்சுப் பாக்கறா." குரல் உடைந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "போர்த்த வேண்டாஞ்சாமி. அவன் காலுல தொட்டுட்டாச்சும் எடுத்துருங்க. போடலீன்னு பேரு வேண்டாம்" என்றாள்.

"அப்படியே பண்ணிறலாமுங்கத்தே" என்றான் நித்தீஷ்.

அத்தை போன பிறகு மீதி ஆறையும் முடித்தார்கள். பதினான்கில் தேறியது மூன்று. கடைசியாக நித்தீஷ் ஒரு பாலிதீன் கவருக்குள்ளிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தான். அவன் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து நேற்று ராத்திரியே வாங்கி வந்தது. நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கின மேனிக்கு, ப்ளீச்சும் ஆகாத, சாயமும் ஏறாத பனியன் துணி. பழுப்பு நிறம். அங்கங்கே பருத்திக் கொட்டையின் பொடி ஒட்டியிருந்தது.

அனு நூலைக் கொளுத்தினாள். ஒரே சீராக எரிந்தது. சாம்பலை விரலில் தேய்த்தாள். மாவாகப் போனது.

"இதாங்ணா. நூத்துக்கு நூறு."

நித்தீஷ் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்தான்.

"காட்ட வித்துக் குடுங்க, பிரிண்டிங் யூனிட் போடறேன்னு கேட்டேன். மாட்டேன்னாரு. அதுக்காவ மூணு வருஷம் அவரு மொகத்தப் பாத்துப் பேசல அனு. டயாலிசிஸுக்கு நீதான் கூட்டிட்டுப் போன. நான் ஒருநாள்கூட வரல." துணியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டான். "இனி அவருக்குன்னு நான் பண்ண இது ஒண்ணுதான் பாக்கி. இதையாச்சும் அவரு சொன்ன மாதிரியே பண்ணிப்போடோணும். ஒரு இழை பெசகக்கூடாது."

"அண்ணா..."

"நீ அந்த மண்ண டெஸ்ட் பண்ணிச் சொல்லலீன்னா நானே இதுக்கு ஒத்துட்டிருக்க மாட்டேன். சாயப்பட்டறை நடந்த காட்டுல ஆரு பொதைப்பாங்க? நீ சொன்னதுனாலதான்."

சொல்லிவிடலாம். இப்போதே. பின்வாசலில் யாருமில்லை. அனு வாயைத் திறந்தாள்.

முன்வாசலில் பெரியப்பாவின் குரல் எழுந்தது. "எங்கடா அவன், நித்தீஷு? இங்க வரச் சொல்லு!"

அவன் துணியோடு எழுந்து போய்விட்டான்.

ஏழு மாதத்துக்கு முன்னால், பங்குனியில், அப்பாதான் மாதிரி எடுத்துக் கொடுத்தார். கிணற்று மேட்டு மண் ஒரு கவர். கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில். பதினான்கு வருடத்துக்கு முன்னால் பட்டறையை மூடும்வரை, அன்றன்றைக்கு ஏற்றிய சாயத்தின் மிச்சத்தை அந்த மேட்டை ஒட்டிய குழியில்தான் விட்டார்கள். திங்கட்கிழமை சிவப்பு என்றால் குழி சிவப்பு. செவ்வாய் நீலம் என்றால் நீலம். அப்படியே பூமிக்குள் இறங்கிவிடும். அன்றைக்கு எல்லாரும் செய்தது. அப்பாவும் செய்தார்.

மூடிய பிறகு அவர் வேறு தொழிலுக்குப் போகவில்லை. அந்த மூன்று ஏக்கரைத்தான் வைத்தியம் பார்த்தார். சணப்பு விதைத்து மடக்கி உழுதார். தக்கைப்பூண்டு விதைத்தார். உரத்துக்கு ஆட்டுப்பட்டி போட்டார். "காடு இன்னைக்கு எப்படீங்ப்பா இருக்குது?" என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி, "தேவலாங் கண்ணு" என்பார். பிறகு அவருடைய சிறுநீரகம் போனது.

ரிசல்ட் வந்த நாள் அவருக்கு டயாலிசிஸ் நாள். கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, மஞ்சள் பூத்த முகத்தோடு, காரின் பின்சீட்டில் சாய்ந்திருந்தார். அவள் கைப்பையைத் திறந்தபோது அவரே கேட்டுவிட்டார்.

"தேறிருச்சா கண்ணு?"

தேறவில்லை. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அனு அவர் முகத்தைப் பார்த்தாள். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தேறிருச்சுங்கப்பா" என்றாள்.

அன்றைக்கு அவர் கூடுதலாக இரண்டு இட்லி சாப்பிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அவள் நினைத்தாள். கிணற்றைத்தான் வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லையே, ஒரு நாளில் யாருக்கு என்ன ஆகிவிடும்? மறுநாள் அவள் லேபிலிருந்து வருவதற்குள் அவர் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

முன்வாசல் பந்தலில் அப்புசாமி பெரியப்பா நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு மூத்தவர். சொந்தத்தில் இனி அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

"காயிதத்துல எழுதி வெச்சா ஆயிப்போச்சா? நோவுல கெடக்கறவன் ஆயிரம் எழுதுவான். நம்ம பெரியவீங்களப் பொதச்ச காடெல்லாம் இன்னைக்கு என்னாச்சு? சைட்டாப் போச்சு. எங்கப்பன் தலமாட்டுல ஒருத்தன் பாத்ரூம் கட்டியிருக்கறான். அந்தக் கதி என்ற தம்பிக்கும் வேணுமா?"

"காட்ட நான் விக்க மாட்டேனுங்க பெரியப்பா" என்றான் நித்தீஷ்.

"மூணு வருஷம் அதுக்குத்தானடா அவனோட மல்லுக்கு நின்ன?"

பந்தலில் யாரோ இருமினார்கள். நித்தீஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"டவுன்ல கேஸ் மயானம் இருக்குது. போன் பண்ணுனா மூணரைக்கு நேரம் தர்றேங்கறான். விறகில்ல, எருமுட்டையில்ல, பொகையில்ல. உங்கப்பன் மரம் விழக்கூடாதுன்னுதான எழுதியிருக்கான்? இதுல எங்க மரம் விழுகுது? பொழுதோட சாம்பல் கைக்கு வந்துரும். ஆத்துல... செரி, ஆத்துல வேண்டாம், எங்கியோ கரைச்சுக்கலாம்."

சாயக்கழிவு ஓடுகிற நொய்யல் ஆற்றைச் சொல்ல வந்து அவரே நிறுத்திக்கொண்டதை எல்லாரும் கவனித்தார்கள்.

அனு நிமிர்ந்தாள். ஒரு கதவு திறந்திருக்கிறது. யாரிடமும் எதையும் சொல்லாமலே அதன் வழியாக வெளியே போய்விடலாம்.

"பெரியப்பா சொல்றது செரிதானுங்ணா" என்றாள்.

அத்தனை பேர் நடுவில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"என்ன?" என்றான் நித்தீஷ்.

"கேஸ்ல ஒரு மரமும் போகாது. பொகையக்கூட வடிகட்டித்தான் வெளிய விடுவாங்க. பொதைக்கறதுன்னா கெணத்துப் பக்கம்... தண்ணி மட்டம் மேல இருந்தா... அது அவ்வளவு..."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மைதான். சொன்ன காரணம்தான் பொய். அவள் குரல் தானாகத் தேய்ந்து நின்றது.

"மண்ணு தேறிருச்சுன்னு அப்பாகிட்டச் சொன்னது நீயா, வேற ஆராச்சுமா?"

"...நான்தான் சொன்னேன்."

"தேறுன மண்ணுல பொதைக்கறதுக்கு என்ன? சொல்லு. உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. காரணம் ஒண்ணு சொல்லு, நானே டவுனுக்குக் கொண்டு போறேன்."

கைப்பை அவள் தோளில்தான் தொங்கியது. ஜிப்பைத் திறந்தால் போதும். எழவுக்கு வந்த நாற்பது பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அனு காலடியில் கிடந்த பூவிதழைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்ணா."

"அப்பறம் எதுக்குப் பேசற?" அவன் கண் கலங்கியிருந்தது. "நீயுமா அனு?"

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. கண்ணாடியைத் துடைத்த கை மட்டும் நின்றிருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷத்துல அவரு எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டதில்ல. பட்டறைய மூடுன அன்னைக்குக்கூடச் சோறு போடுன்னு கேக்கல. அந்தக் காட்டுல கெடந்தே பாதி உசுரு போச்சு. மீதியும் அங்கயே போகட்டும். காட்டுக்குக் கொண்டு போங்க."

பெரியப்பா நாற்காலியின் முதுகை விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாரதாமணி சொன்னதுக்கப்பறம் நான் ஆரு? ஆளுகளப் போச்சொல்லு. தெக்கு வடக்காத் தோண்டச் சொல்லு."

நான்கு ஆட்கள் மம்மட்டியும் கடப்பாரையுமாக டெம்போவில் ஏறினார்கள். ஜேசிபி வேண்டாம், கையால்தான் தோண்ட வேண்டும் என்று நித்தீஷ் சொல்லி அனுப்பினான். அனுவிடம் அவன் பேசவில்லை. மாங்கன்று ஒன்று தொட்டியோடு பந்தல்காலுக்குப் பக்கத்தில் வந்து இறங்கியிருந்தது. மூன்றடி உயரம். தளிர் செம்பு நிறத்தில் பளபளத்தது.

அது எத்தனை நாள் தாங்கும் என்று அனுவுக்குத் தெரியும். தாங்கிக் காய்த்துவிட்டால் இன்னும் மோசம்.

மணி இரண்டேகாலுக்கு மயிலாள் வந்தாள்.

மங்கலத்துக் காட்டுக்கு அடுத்த காடு அவளுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு, வாயில் வெள்ளைத் துணி சுற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் எட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தாள். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர். செத்தவரின் சொந்தக் கிணற்றிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

"ஒரு கை புடி அம்மிணி" என்றாள்.

அனு குடத்தைப் பிடித்து இறக்கினாள். துணி விலகியது. குடத்தின் அடிவரை தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

"மோட்டார் போட்டுத்தான் புடிச்சேன். அவரு தண்ணியில அவரு குளிக்கட்டும்."

"கெணத்துல மோட்டார் ஓடுதுங்களா மயிலாக்கா?" என்று கேட்டாள் அனு. "பட்டறை போனதுல இருந்து கரண்டே இல்லீங்களே."

"உனக்குத் தெரியாதா? பங்குனியிலயே உங்கப்பா சரிபண்ணிக் குடுத்துட்டாரே. நீ டெஸ்ட் பண்ணிச் சொன்ன அடுத்த வாரம். அந்த ஒடம்போட, கையில பஞ்ச ஒட்டிட்டு, எங்க ஊடு தேடி வந்தாரு பாரு. மயிலா, உன்ற தண்ணியக் கெடுத்தவன் நான், இப்பத் திருப்பிக் குடுத்தர்றேன், என்ற மகளே சோதிச்சுப் பாத்துட்டா, தாராளமாக் குடின்னாரு. பைப்புக்கூட அவரேதான் இழுத்துக் குடுத்தாரு. எங்க ஊட்டுக்கு, அக்கட்டால ரெண்டு ஊட்டுக்கு."

அனுவின் கை குடத்தின் கழுத்தில் இருந்தது. எடுக்க முடியவில்லை.

"குடிக்கறீங்களா?"

"பின்ன? கேன் தண்ணிய நிறுத்தியே ஏழு மாசமாச்சு. அந்த வடிகட்டற மிஷினு ஒண்ணு இருந்துச்சு, அதையும் கழட்டிக் கட்டுத்தறையில போட்டுட்டோம். உப்பில்ல, கப்பில்ல, எளநி மாதிரி இருக்குது. என்ற மருமக யாழினிக்கு இப்ப எட்டாம் மாசம். வேற எந்தத் தண்ணி குடிச்சாலும் கொமட்டுதுங்கறா. இதுதான் எறங்குது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பாட்டல்ல புடிச்சுட்டுத்தான் போறா."

மயிலாள் ஈரக்கையால் அவள் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடுக்கினாள்.

"நீ நல்லா இருப்ப கண்ணு. உங்கப்பன் கெடுத்தத நீ நிமுத்திக் குடுத்துட்ட."

ஏழு மாதம். இருநூற்றுப் பத்து நாள். நாளைக்கு இரண்டரை லிட்டர், சூலி என்றால் மூன்று. தாளில் இருந்த எண்ணோடு அது தானாகப் பெருக்கிக்கொண்டது. அனு நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. மூன்று வீடு. மூன்று வீட்டில் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் போட்டுப் பார்த்தது மனசு.

ஒரு மாமரம்தான் சாகும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தாள்.

நாளைக்குக் காதும் காதும் வைத்த மாதிரி மயிலாக்காவிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு அப்பா போகட்டும். அண்ணன் அவன் செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளட்டும். அம்மா இருக்கிற கோலத்தில்... நாளைக்கு.

காரின் பின்சீட்டில் அன்றைக்கும் இதையேதான் நினைத்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

கூடத்தில் ஃப்ரீசரை அணைத்துவிட்டார்கள். அதுவரை உறுமிக்கொண்டிருந்தது நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. நித்தீஷும் இன்னும் மூன்று பேருமாகக் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். துடைக்க எதுவுமில்லாமல் அம்மாவின் கை மடியில் கிடந்தது. பழுப்புத் துணி ஒரு பாயின்மேல் நீளமாக விரித்திருந்தது. அப்பாவின் நீளத்துக்கு.

குடங்கள் உள்ளே வந்தன. மயிலாள் சாரதாமணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"நேத்துல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலியாமே. அப்படிக் கெடந்தா எப்படீங்க்கா? இன்னும் காடு வரைக்கும் அழுதுட்டு வரோணும்."

"வேண்டாம் மயிலா."

"ஒரே ஒரு வாய். உங்க கெணத்துத் தண்ணி. இத நம்ம வாயில வைக்கறதுக்குத்தான அந்த மனுசன் பதினாலு வருஷம் பாடுபட்டாரு? அவரு மேல ஊத்தறதுக்கு முந்தி நீங்க ஒரு வாய் குடிங்க."

மயிலாள் சொம்பைக் குடத்தில் முக்கி எடுத்தாள். சாரதாமணி அதை வாங்கினாள். தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் என்னவோ அசைந்தது. தாடை நடுங்கியது. அழப்போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அழட்டும், அழுதால் தேவலை என்று அத்தை முணுமுணுத்தாள்.

"அவரு தண்ணி" என்றாள் சாரதாமணி. சொம்பை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

அனு ஆட்களைத் தாண்டிப் போனது அவளுக்கே தெரியவில்லை. விரித்திருந்த துணியை மிதித்துவிட்டாள். அம்மாவின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் இருந்தது. தண்ணீர் அம்மாவின் மடியெல்லாம் கொட்டியிருந்தது.

"குடிக்காதீங்கம்மா."

"அனு!" நித்தீஷ் கத்தினான். "என்ன பண்ற நீ?"

"குடிக்காதீங்க. ஆரும் குடிக்காதீங்க."

மறு கையால் கைப்பையின் ஜிப்பைத் தேடினாள். விரல் நழுவியது. தாள் வந்தது, நான்கு மடிப்பும் கிழியத் தயாராக. நித்தீஷின் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கினான். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தான். அவனுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் படிக்கத் தெரியும், அவன் வேலையே அதுதான். தேதியில் அவன் கண் நின்றது. பிறகு கீழே போய், சிவப்பு மையில் வட்டமிட்ட இடத்தில் நின்றது.

"இது பங்குனித் தேதி" என்றான்.

"அந்தத் தண்ணியில குரோமியம் இருக்குதுங்க." அனு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "சாயத்துல இருந்து எறங்குனது. குடிக்கற அளவுக்கு மேல எட்டு மடங்கு. நெறம் தெரியாது, ருசி தெரியாது. உப்பு மட்டுந்தான் மழையில போயிருக்குது. மண்ணுலயும் அதுதான் இருக்குது."

அப்பாவின் உடம்பிலிருந்து குளிர் ஆவியாக எழுந்து மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. நித்தீஷின் சட்டைப்பையில் போன் அடித்தது. குழி தோண்டப் போனவர்களாக இருக்கும். அவன் எடுக்கவில்லை. அடித்து அடித்து அது ஓய்ந்தது.

மயிலாள்தான் முதலில் பேசினாள். கோபமாகக் கேட்கவில்லை. மருந்துச் சீட்டைக் காட்டி, இது எத்தனை வேளைக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"எப்ப இருந்து அம்மிணி?"

அனு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எப்பவுமே இருந்துச்சுங்க மயிலாக்கா. அது தேறவே இல்ல. அப்பாகிட்ட நான் பொய் சொன்னேன்."